விடை காணப்படாத வினாவை அணுகுவது எப்படி: திருகோணமலையின் துணிக்கைப் பௌதிகவியல் மாணவருக்கு

கோட்பாட்டுத் துணிக்கைப் பௌதிகவியலில் ஆய்வு செய்ய விரும்புபவருக்கு, ஜெனீவா அருகிலுள்ள 27 கிலோமீற்றர் சுற்றளவுடைய, துணிக்கைகளை மோதவிடும் இயந்திரமான மோதுவான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. கோணேசபுரி வளாகத்தில் படிப்பவரும், நகரில் ரியூசன் வகுப்பு எடுத்துக்கொண்டே படிப்பவரும், கொப்பியும் பேனையும் ஓரளவு சீரான இணைய வசதியும் இருந்தால் தொடங்கலாம். கடினமானது வினாவைத் தெரிவதுதான். ஒளியை உமிழாது ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் கரும்பொருள் எது, எதிர்ச்சடப்பொருளை விஞ்சிச் சடப்பொருள் எஞ்சியது ஏன் என்பன பெருவினாக்கள். அவற்றின் பரப்பே புதியவரைத் திணறடித்துவிடும். ஆகவே, அளக்கப்பட்ட ஒரேயோர் எண்ணில் வந்து நிற்கும் வினாவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குவாக்குகள் என்னும் நுண்துணிக்கைகளைப் பிணைத்து நியூத்திரன் போன்றவற்றை ஆக்கும் வலிய விசையின் சிபி சிக்கலே இதற்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. சிபி என்பது, துணிக்கைகளை எதிர்த்துணிக்கைகளாக்கி, இடவலத்தையும் மாற்றினாலும் விதிகள் மாறாதிருக்கும் சமச்சீர். அவ்விசையின் சமன்பாடுகள் தீற்றா என்னும் கோணமொன்றுக்கு இடமளிக்கின்றன. அது பூச்சியமாக வேண்டும் என்று துணிக்கைகள் பற்றிய இன்றைய கோட்பாடான நியம மாதிரியுருவில் எவ்விதியும் இல்லை. அது பூச்சியமல்லவெனில் சிபி சமச்சீர் குலைந்து, நியூத்திரனுக்கு மின்னிருமுனைத் திருப்புதிறன், அதாவது அதனுள் நேர், எதிர் ஏற்றங்களின் சிறு விலகல், இருந்தாக வேண்டும். அதைக் கையாலேயே மதிப்பிடலாம்: நியூத்திரனின் பருமனாகிய 10⁻¹³ சென்ரிமீற்றரை, இலேசான குவாக்கின் திணிவுக்கும் நியூத்திரனின் திணிவுக்கும் உள்ள விகிதத்தால், அதாவது 1000 இல் ஓரிரு பங்காலும் தீற்றாவாலும் பெருக்கினால், இலத்திரன் ஏற்றம் × சென்ரிமீற்றர் என்னும் அலகில் ஏறத்தாழ தீற்றா × 10⁻¹⁶ கிடைக்கும். 2020 இல் வெளியான அளவீடோ அத்திருப்புதிறன் அதே அலகில் 1.8 × 10⁻²⁶ ஐ விடச் சிறியது என்கிறது. வகுத்துப் பாருங்கள், தீற்றா 10⁻¹⁰ அளவைத் தாண்ட முடியாது. இவ்வளவு சிறிதாக இருப்பதற்குக் காரணம் என்ன என்பதே வினா. 1977 இல் பெச்சேயும் குவினும் முன்வைத்த தீர்வு அக்சியன் என்னும் துணிக்கைக்கு இட்டுச்சென்றது. அது இன்னும் அகப்படவில்லை.

மதிப்பீடு கைவந்த பின்னரே ஆய்வுக்கட்டுரைகளுக்குச் செல்லுங்கள். 1991 முதல் இயங்கும் ஆர்கைவ் தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கு நாளாந்தம் வரும் பட்டியலைத் துரத்த வேண்டாம். ஒரு கட்டுரையை எடுத்து, ஆசிரியர் தாவிச்சென்ற படிகளைக் கொப்பியில் நிரப்புவதே பயன் தரும். புதிய பரபரப்புகளிலும் நிதானம் தேவை: 2015 டிசம்பரில் ஜெனீவா மோதுவானின் தரவில் 750 கிகா இலத்திரன்வோல்ற்று சக்தியில் தென்பட்ட, புதிய துணிக்கையோ என எண்ணவைத்த மேடு பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன, அடுத்த ஓகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அம்மேடு மறைந்தது.

பட்டம் முடித்தவர்கள், 1964 இல் பாகிஸ்தானியப் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் இத்தாலியின் திரியெஸ்தேயில் நிறுவிய சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தின் ஓராண்டு டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அது வளர்முக நாடுகளின் மாணவருக்கென்றே வகுக்கப்பட்டது.