விட்டு விட்டு வேலை செய்யும் படகு விஎச்எஃப்: பழுது எங்கே என்று பிடிக்கும் வழி

வாழைச்சேனை போன்ற துறைமுகத்தில் படகைக் கட்டி நிற்கும்போது விஎச்எஃப் செற் (மற்றப் படகுகளோடும் கரையோடும் கதைக்கும் ரேடியோ) நன்றாகக் கதைக்கும். வெளியே போய் அலை அடித்தாலோ, மாரி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தாலோ கைவிட்டுவிடும். இப்படிப்பட்ட செற்றைக் கழற்றித் திருத்தக் கொடுப்பது வீண் செலவு. மேசையில் வைத்துப் பார்த்தால் அது சரியாகவே வேலை செய்யும், ஏனென்றால் பழுது பெரும்பாலும் படகின் வயரிலும் பொருத்துகளிலும்தான் இருக்கும்.

முதலில் எப்போது பழுதாகிறது என்று கவனியுங்கள். கதைக்க மைக் பொத்தானை அமுக்கியதும் திரை மங்கினால் கரண்ட் போதவில்லை. மழைக்குப் பிறகு பழுதானால் அன்ரெனாக் கேபிளில் தண்ணீர். படகு ஆடும்போது மட்டும் என்றால் எங்கோ ஒரு பொருத்து தளர்ந்திருக்கிறது.

கரண்டிலிருந்து தொடங்குங்கள். 25 வாட்டில் கதைக்கும்போது செற் 5 முதல் 6 அம்பியர் இழுக்கும். கேட்கும்போது ஒரு அம்பியர்கூட எடுக்காது. அதனால் களிம்பு பிடித்த பொருத்து கேட்கும்போது தன்னைக் காட்டிக்கொள்ளாது. அன்ரெனா பூட்டியிருப்பதை உறுதி செய்துவிட்டு, அபாய அழைப்புக்கான 16 அல்லாத, ஆள் இல்லாத ஒரு சனலில் சில விநாடி அமுக்குங்கள். அந்த நேரம் செற்றின் பின்பக்க வயரில் மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ற்றுக்கு மேல் நின்றால் நல்லது. 11.7-க்குக் கீழே போனால் பல செற்றுகள் தடுமாறும். பற்றரி முனையில் 12.4, செற்றில் 11.2 என்றால் இடையில் 1.2 வோல்ற் தொலைகிறது. பியூஸ் கூட்டைத் திறந்து பாருங்கள், பச்சைக் களிம்பு அங்கேதான் முதலில் பிடிக்கும். கறுப்பு வயரை மறக்க வேண்டாம்: மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ்விலும் மறுமுனையைச் செற்றின் கறுப்பு வயரிலும் வைத்து அமுக்கினால் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. வயரின் தடிப்பும் முக்கியம். பற்றரி 5 மீற்றர் தள்ளி இருந்தால், 1 சதுர மில்லிமீற்றர் வயரில் போக வரச் சேர்த்து ஒரு வோல்ற் போய்விடும். 4 சதுர மில்லிமீற்றரில் கால் வோல்ற்தான்.

மைக் சோதனை சுலபம். அமுக்கியதும் திரையில் டிஎக்ஸ் (TX, செற் அனுப்புகிறது என்ற) அடையாளம் வந்தும் குரல் போகவில்லை என்றால், சுருள் வயரின் கழுத்தை வளைத்து வளைத்துக் கதையுங்கள், பக்கத்தில் ஒருவர் கைச் செற்றில் கேட்கட்டும். கையை விட்ட பிறகும் டிஎக்ஸ் அணையாவிட்டால் சுவிச்சில் உப்பு இறுகியிருக்கிறது. அதை உடனே திருத்துங்கள். அது 16-இல் நடந்தால் அபாயத்தில் இருக்கும் இன்னொரு படகின் குரல் யாருக்கும் கேட்காது.

அதிகம் ஏமாற்றுவது அன்ரெனாக் கேபிள். இரு முனையையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலுக்கும் இடையே ஓம் பாருங்கள், இணைப்பே இருக்கக்கூடாது. சில கிலோ ஓம் காட்டினால் உள்ளே ஈரம். பிறகு மேல் முனையில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, கீழே அளந்தபடி ஒருவரைக் கேபிள் நெடுகிலும் ஆட்டச் சொல்லுங்கள். எண் துள்ளும் இடம்தான் முறிவு. அன்ரெனாவைக் கழற்றாமல் இதைச் செய்யாதீர்கள், பல கடல் அன்ரெனாக்கள் நல்ல நிலையிலேயே மீற்றரில் ஷோர்ட் காட்டும்.

எஸ்டபிள்யூஆர் மீற்றர் (அன்ரெனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) இருந்தால் 1.5-க்குள் நல்லது, 3 என்றால் பழுது. வேறு அலைவரிசையில் வேலை செய்யும் சீபி ரேடியோவுக்கான மீற்றர் இதற்கு உதவாது. ஆனால் செற்றின் பக்கத்தில் நல்ல எண் வந்ததென்று நம்பிவிட வேண்டாம். தண்ணீர் குடித்த கேபிள் சக்தியைத் தின்றுவிடுவதால் திரும்பி வருவதும் குறைந்துபோகும். போகும் சக்தியில் பாதியைத் தின்னும் கேபிளின் நுனியில் அன்ரெனாவே இல்லாவிட்டாலும் மீற்றர் 3-க்கு மேல் காட்டாது! அன்ரெனாவின் அடியிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். கேபிள் உறையைக் கொஞ்சம் கீறிப் பின்னல் கறுத்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நீளம் 10 மீற்றருக்கு மேலானால் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் வேண்டாம், தடித்த ஆர்ஜி-213 போடுங்கள்.

புதுப் பிளக்கில் பின்னலை அழுத்தி மட்டும் விடாமல் ஈயம் வையுங்கள். மேலே இழுத்துச் சுற்றும் ரப்பர் டேப், அதன்மேல் சாதாரண டேப். வெறும் சாதாரண டேப் கச்சான் காலத்து வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். வினாகிரி மணக்கும் சிலிக்கன் பூசவே கூடாது, அதன் அமிலம் செம்பை அரிக்கும். கேபிளைக் கபினுக்குள் விடும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இரவில் மட்டும் கேட்கவில்லையா? எல்இடி லைற்றுகள் செற்றில் இரைச்சலை உண்டாக்கலாம், அவற்றை அணையுங்கள். ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழை) இரைச்சல் அடங்கும் அளவில் வைத்துவிட்டு ஒவ்வொரு லைற்றாகப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் திரும்பும் லைற்தான் குற்றவாளி. 2018-இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படையும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அந்த லைற்றை அன்ரெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தூரப் படகு கேட்கவில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். இரு படகின் அன்ரெனாவும் 4 மீற்றரில் இருந்தால் ஏறத்தாழ 16 கிலோமீற்றர், 9 மீற்றரில் இருந்தால் 25. அதற்கு அப்பால் ஒருநாள் கேட்டு மறுநாள் கேட்காமல் போவது வானிலையால் வருவது. அதற்காகச் செற்றைக் கழற்ற வேண்டியதில்லை.