ஷார்ட்கட் வைரஸ்: முதலில் கம்ப்யூட்டர், அப்புறம்தான் பென் டிரைவ்

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்த பென் டிரைவை வீட்டில் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பலர் உடனே ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். அதனால் சான்றிதழும் ஃபோட்டோவும் போகின்றன, வைரஸ் போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அந்த ஷார்ட்கட்டை கிளிக் செய்திருந்தால் அது கம்ப்யூட்டருக்குள் குடியேறியிருக்கும். பென் டிரைவை மறுபடி செருகிய சில நொடிகளில் ஷார்ட்கட்டுகளும் திரும்பி வந்துவிடும். இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. பென் டிரைவ் வழியே பரவும் இந்த வகை வைரஸ்களைப் புழு (வோர்ம்) என்பார்கள், இவற்றில் பலவற்றின் உண்மையான வேலை பாஸ்வேர்டு திருட்டு.

விண்டோஸ் 7 முதல் பென் டிரைவில் உள்ள புரோகிராம் தானாக ஓடாது. எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் மூலம் அதை நிறுத்தியது. எனவே புழுவுக்கு இப்போது உங்கள் கிளிக் தேவை. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைப்பது அதற்காகத்தான். அதை டபுள் கிளிக் செய்யாமல், ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட் பெட்டியைப் படியுங்கள். சிஎம்டி (cmd) என்று தொடங்கி, நடுவில் ஒரு விபிஎஸ் (.vbs, கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்ட்) அல்லது இஎக்ஸ்இ (.exe, புரோகிராம்) ஃபைலின் பெயர், கடைசியில் உங்கள் ஃபோல்டரின் பெயர் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். கிளிக் செய்ததும் முதலில் புழு ஓடுகிறது, அடுத்து ஃபோல்டரும் வழக்கம்போல் திறக்கிறது. அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை.

2013-இல் கவனத்துக்கு வந்த எச்-வோர்ம், அதே காலத்து என்ஜேராட் என்ற இரண்டு மால்வேர்களும் இப்படிப் பரவுபவை. என்ஜேராட் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்கும், கேமராவையும் இயக்கும். எச்-வோர்மிலிருந்து வந்த 2019-ஆம் ஆண்டு வடிவமும் பிரவுசர், ஈமெயில் பாஸ்வேர்டுகளைக் குறிவைத்தது. உங்கள் விண்டோஸ் கணக்கின் பெயரில் ஓடும் புரோகிராம் என்பதால், நீங்கள் திறக்க முடிந்த பெரும்பாலானவற்றை அதுவும் திறக்கும்.

சுத்தம் செய்யும்போது வரிசை முக்கியம். வைஃபையை அணையுங்கள், லேன் வயரைப் பிடுங்குங்கள், எல்லா பென் டிரைவ்களையும் எடுத்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் புரோகிராமை நிறுத்த முயல வேண்டாம். என்ஜேராட்டின் சில வடிவங்கள் தங்களை விண்டோஸின் இன்றியமையாத பகுதியாகப் பதிவு செய்துகொள்ளும், நிறுத்தினால் நீலத் திரைதான் வரும். ஸ்டார்ட்அப் பட்டியலில் நீக்கினாலும், ஓடிக்கொண்டிருக்கும் புழு அந்தப் பதிவைத் திரும்ப எழுதிவிடும். "எத்தனை தடவை டெலீட் பண்ணாலும் வருது" என்று பலர் புலம்புவது இதனால்தான்.

ஆகவே, விண்டோஸ் அவசியமானவற்றை மட்டும் ஓட்டும் சேஃப் மோடுக்குப் போங்கள். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகச் சென்று மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 4-ஐ அழுத்துங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) உள்ள கம்ப்யூட்டர் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும், தொடங்கும் முன்பே அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருப்பதும் விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியின் ரன் பட்டியலில் இருப்பதும் ஓடாது, அதனால் புழு தூங்கும்.

விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி ரெஜ்எடிட் (regedit) என்று தட்டி ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, கரண்ட் யூசர், லோக்கல் மெஷின் இரண்டு கிளைகளிலும் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், ரன் வரை போங்கள். ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் டபிள்யூஸ்கிரிப்ட்டுடன் (wscript) ஒரு விபிஎஸ் அல்லது ஜேஎஸ் (.js) ஃபைல், டெம்ப் ஃபோல்டரில் உள்ள சர்வர் என்ற பெயருடைய இஎக்ஸ்இ, சிஸ்டம்32 ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் எஸ்விசிஹோஸ்ட் (svchost), இவை தெளிவான அடையாளங்கள். ஆப்டேட்டா (AppData) ஃபோல்டரில் இருப்பதெல்லாம் வைரஸ் என்று நினைக்க வேண்டாம், ஒன்டிரைவ்கூட அங்கேதான் இருக்கும். சந்தேகப்படும் பதிவின் ஃபைல் பாதையை எழுதி வைத்துக்கொண்டு, பதிவையும் ஃபைலையும் சேர்த்தே நீக்குங்கள். ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் இதே ஃபைலின் நகல் இருக்கலாம்.

பிறகு சாதாரணமாக ஆன் செய்யுங்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரை சேஃப் மோடில் பார்க்க முடியாது, அதை இப்போது திறந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் ஓட்டும் வேலை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் செட்டிங்ஸுக்குள் எக்ஸ்குளூஷன்ஸ் (ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவை) பட்டியலையும் பாருங்கள். சில மால்வேர்கள் தாங்கள் இருக்கும் ஃபோல்டரை அங்கே சேர்த்துவிடும், அதன்பின் எத்தனை ஸ்கேன் ஓட்டினாலும் "எல்லாம் நலம்" என்றே வரும். நீங்கள் சேர்க்காத எதையும் எடுத்துவிடுங்கள். இனி இன்டர்நெட்டை இணைத்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அப்டேட் செய்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் ஸ்கேன் செய்யும். முடிவு புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். "ஷார்ட்கட் ரிமூவர்" என்று இணையத்தில் கிடைக்கும் முகம் தெரியாத டூல்களைத் தொடாதீர்கள்.

அலுவலகக் கணக்கு வழக்கு உள்ள கம்ப்யூட்டர் என்றாலோ, சந்தேகம் தீரவில்லை என்றாலோ, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ரீசெட் திஸ் பிசியில் ரிமூவ் எவ்ரிதிங் கொடுப்பதே சரி.

பென் டிரைவில் உள்ள ஃபைல்களை மீட்க எளிய வழி ஆண்ட்ராய்டு போன். பென் டிரைவைப் போனில் இணைக்கும் ஓடிஜி கனெக்டரில் செருகினால், விண்டோஸில் மறைக்கப்பட்டவையும் அதில் தெரியும், விண்டோஸ் வைரஸ் அங்கே ஓடாது. சில புழுக்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாததுபோல் தோன்றும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும், அதையும் திறந்து பாருங்கள். தேவையான பிடிஎஃப், படங்கள், ஆவணங்களை மட்டும் போனுக்கு எடுங்கள். எல்என்கே (.lnk, ஷார்ட்கட்), விபிஎஸ், ஜேஎஸ், இஎக்ஸ்இ, எஸ்சிஆர் (.scr) ஃபைல் எதையும் எடுக்க வேண்டாம். கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும் என்றால், ஹிட்டன் ஐட்டம்ஸை மட்டும் டிக் செய்தால் போதாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதன் டிக்கையும் எடுக்க வேண்டும். ஃபைல்களை எடுத்தபின் குவிக் ஃபார்மட் போதும். அந்தக் கம்ப்யூட்டரில் செருகிய மற்ற பென் டிரைவ், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் இதேபோல் பார்க்க வேண்டும்.

வைரஸை நீக்கினாலும் போன பாஸ்வேர்டு போனதுதான். அதனால் பாஸ்வேர்டு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கம்ப்யூட்டரில் அல்லாமல் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ, முதலில் ஈமெயில், அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்று மாற்றுங்கள். லாகின் ஆகியிருக்கும் நிலையைக் காட்டும் குக்கீயும் திருடப்பட்டிருக்கலாம், அது கையில் இருப்பவருக்கு ஓடிபி தேவைப்படாது. எனவே கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய்த் தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள். டெலிகிராமில் டிவைசஸ், வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பக்கங்களிலும் அப்படியே செய்யுங்கள். ஜிமெயிலில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள், உங்கள் மெயிலின் நகல் வேறு முகவரிக்குப் போகும்படி வைத்திருக்கலாம். வங்கிக் கணக்கில் பணம் குறைந்திருந்தால், இந்தியாவில் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

இனி கடைக்குப் போகும்போது பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரு பிடிஎஃப் மட்டும் உள்ள தனி பென் டிரைவைக் கொண்டுபோங்கள், திரும்பி வந்ததும் போனில் செருகி ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் இருந்து விபிஸ்கிரிப்ட்டை நீக்கிவிடலாம், விபிஎஸ் புழுக்கள் அதன்பின் ஓடாது. இஎக்ஸ்இ வகையை அது தடுக்காது, அதற்கு ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸைத் தெரியும்படி வைத்து, ஃபோல்டர் படத்தோடு இருக்கும் இஎக்ஸ்இயை அடையாளம் காண வேண்டும்.