ஏரியில் பரிசல் போட்டு ஜிலேபி பிடிக்க: தக்கைத் தூண்டில் செய்முறை

ஜிலேபி கெண்டைக்கு வாய் சிறியது. இரையைக் கவ்விக்கொண்டு ஓடாமல் முதலில் நுனியைக் கொத்திப் பார்க்கும். அந்தச் சின்ன அசைவைக் காட்டும் தக்கை அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கிளம்பும் முன் ஏரியின் மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். மதகு திறந்திருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. அடியில் இழுப்பு இருக்கும்.

தூண்டில்

8 முதல் 10 அடி மூங்கில் கழி, அதே நீளத்துக்கு 0.20 மி.மீ. தூண்டில் நரம்பு (நைலான் இழை), 10 அல்லது 12ஆம் எண் முள். பெரிய முள் போட்டால் இரை மட்டும் காணாமல் போகும்.

தக்கைக்கு மயிலிறகுத் தண்டு 6 அங்குலம் போதும். சைக்கிள் வால்வ் டியூபில் இரண்டு துண்டு வெட்டி, மேலும் கீழுமாகத் தண்டை நரம்போடு சேர்த்துப் பிடிக்கச் செய்யுங்கள். அப்போதுதான் ஏற்றி இறக்க வரும். முள்ளுக்கு நான்கு விரற்கடை மேலே ஈயத்தகட்டைச் சுற்றி, ஒரு டிரம் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். தண்டு ஒரு விரற்கடை மட்டும் வெளியே தெரியும்வரை ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவோ நறுக்கவோ வேண்டும். பாதித் தண்டு வெளியே நின்றால் மீன் கொத்துவது தெரியாது. இந்த வேலையை வீட்டிலேயே பொறுமையாக முடித்துவிடுங்கள்.

பரிசலை நிறுத்துவது

ஒரே கல்லைக் கட்டி இறக்கினால் பரிசல் காற்றில் சுழலும், தக்கையும் கூடவே இழுபடும். எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு கல் வேண்டும். கயிறு தண்ணீர் ஆழத்தைப்போல இரண்டு மடங்கு. சத்தமில்லாமல் இறக்குங்கள். எழுந்து நிற்காதீர்கள்.

கோரை ஓரம், நீரில் மூழ்கிய கருவேல மர அடி, இவைதான் நல்ல இடம். காலை வெயில் ஏறும்வரையும் மாலையிலும் நன்றாகக் கடிக்கும்.

ஆழம் பார்ப்பது

முள்ளில் நெல்லிக்காய் அளவு ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தக்கை முழுகினால் நரம்பில் அதை மேலே ஏற்றுங்கள். படுத்தால் கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரியும்போது ஈயம் தரையில் இருக்கிறது. அதிலிருந்து தக்கையை நான்கு விரற்கடை இறக்கினால் இரை தரைக்குச் சற்று மேலே தொங்கும்.

இரையும் இழுப்பும்

மண்புழுவில் முக்கால் அங்குலத் துண்டு போதும். வால் நீளமாகத் தொங்கினால் அதை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். பொடி மீன் தொல்லை இருந்தால் கெட்டியாகப் பிசைந்த மைதாவுக்கு மாறுங்கள். இரண்டு கைப்பிடி தவிட்டில் ஒரு கைப்பிடி ஊறிய கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டையாக அரைமணிக்கு ஒன்று தக்கை அருகே போடலாம். அதிகம் போட்டால் மீன் வயிறு நிரம்பி இரையைத் தொடாது.

தக்கை நடுங்கும்போது இழுக்காதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்தாலோ முழுகினாலோ மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். தக்கை மேலெழும்பிப் படுத்தாலும் இழுக்கவேண்டும். மீன் இரையோடு ஈயத்தையும் தூக்குகிறது என்று அர்த்தம். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

முதுகுத் துடுப்பு முள் கையைக் கிழிக்கும். நனைந்த கையால் தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவித் துடுப்பை மடக்கிப் பிடியுங்கள்.

மிஞ்சிய மீனை உயிரோடு வேறு குளத்தில் விடவேண்டாம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் இது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பதால் வேகமாகப் பெருகி, நாட்டுக் கெண்டைகளுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.