மீன்தொட்டிப் பில்ரரை வெளுக்கக் கழுவாதீர்கள்

போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி கிணற்றடியில் நின்று பில்ரர் பஞ்சைச் சவர்க்காரம் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தான். "அண்ணை, எவ்வளவு ஊத்தை பாருங்கோ" என்று காட்டினான். உடுப்புத் தோய்க்கிற கல்லில் கபில நிறமாய் வழிந்ததைக் கண்டதும் எனக்குப் பகீரென்றது. தொடங்கிய காலத்தில் நானும் இதையேதான் செய்தேன்.

தீனை அள்ளிக் கொட்டுவது, தொட்டியை வெயிலில் வைப்பது எல்லாம் பிழை என்று உங்களுக்கே தெரியும். அவற்றை விடுகிறேன்.

பஞ்சை வெளுக்கக் கழுவுவது

அந்தக் கபில வழுவழுப்பு முழுவதும் ஊத்தை இல்லை. பற்றீரியா குடியிருப்பது அதில்தான். மீன் வெளிவிடும் அமோனியாவை ஒரு கூட்டம் நைத்திரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்றாக்கும். முதலிரண்டும் மீனுக்குக் கடும் நஞ்சு. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் பெருக 4 முதல் 6 கிழமை பிடிக்கும். சவர்க்காரமும் குளோரினும் ஒரே கழுவலில் அதை அழித்துவிடும்.

நான் கழுவியது ஒரு மாரி முடிவில். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தார்கள். அது மனதில் வரவேயில்லை. பஞ்சு, பற்றீரியா குடியிருக்கப் பில்ரருக்குள் போடுகிற செரமிக் வளையம், தொட்டியின் அடியில் கிடந்த கல் எல்லாவற்றையும் ஒரே நாளில் அந்தத் தண்ணீரில் அலசிப் பூட்டினேன். மூன்றாம் நாள் விடிய, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. செவுள் சிவந்திருந்தது. பின்னேரத்துக்குள் 11 கோல்ட் பிஷ்ஷில் 9 செத்துவிட்டன. அதில் ஒன்று என் கையில் வந்து தீன் எடுக்கிற மீன்.

யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கடினம், காரத்தன்மையும் கூட. பி.எச். ஏற ஏற, வெக்கை கூடக் கூட, அமோனியாவில் நஞ்சான பங்கு கூடும். மென்னீர் ஊரில் தப்பக்கூடிய மீன் இங்கே தப்பாது.

தண்ணீர் மாற்றும்போது தொட்டியில் எடுத்த தண்ணீரையே வாளியில் விட்டு, பஞ்சை அதற்குள் இரண்டு மூன்று தரம் பிழியுங்கள். கபிலம் மிஞ்சத்தான் வேண்டும். வளையங்களை அன்று தொடாதீர்கள், 2, 3 கிழமை போகட்டும். மாதத்துக்கு ஒருக்காப் புதுப் பஞ்சு போடச் சொல்லி விற்கிறவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பஞ்சு பிய்ந்தால் மட்டும் பாதியை மாற்றுங்கள், மற்றப் பாதியைப் பிறகு பார்க்கலாம்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்குவது

பஞ்சு அடைபட அடைபட, ஓட்டம் பெட்டியில் எழுதியதை விடக் குறையும். 100 லீற்றர் தொட்டிக்கு மணிக்கு 400, 500 லீற்றர் தள்ளுகிற மோட்டர் பாருங்கள். கோல்ட் பிஷ்ஷுக்கு அதற்கும் மேலே. பைற்றர் மீனுக்கு அந்த இழுவை ஆகாது. காற்று மோட்டரில் ஓடுகிற பஞ்சுப் பில்ரர் காணும்.

கரண்ட் வந்ததும் அப்படியே போடுவது

தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய கனிஸ்ரர் பில்ரர் கரண்ட் இல்லாமல் சில மணித்தியாலம் நின்றால் உள்ளே ஒட்சிசன் முடிந்து தண்ணீர் பழுதாகிவிடும். அதை வெளியே ஊற்றி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

காற்று மோட்டரைத் தரையில் வைப்பது

தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் நிற்கும்போது தொட்டித் தண்ணீர் குழாயால் மோட்டருக்குள் இறங்கிவிடும்.

மருந்து விடும்போது கரி

பில்ரருக்குள் இருக்கிற கரியைக் கழற்றிவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

கழுவியே விட்டீர்களா?

தம்பிக்கு என் தொட்டிப் பஞ்சில் பாதியை வெட்டி, காயாமல் தொட்டித் தண்ணீரோடே ஒரு பையில் கொடுத்தேன். தீனைப் பாதியாக்கச் சொன்னேன். இரவு முழுக்கக் காற்று விட்டு வைத்த தண்ணீரால் நாளுக்கு மூன்றிலொரு பங்கு மாற்றி வருகிறான். நேற்று வரை ஒன்றும் சாகவில்லை.