பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்கோ (மலாய் மொழிக்குத் தயார்ப்படுத்தும் ஓராண்டு வகுப்பு) நேரே படிவம் 1க்கோ போன பிள்ளை, பள்ளி நாள் காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது என்றால் நடிப்பு என்று திட்டாதீர்கள். பயம் உண்மையிலேயே வயிற்றைப் பிசையும். கிளினிக்கில் காட்டி நோய் இல்லையென்று உறுதி செய்தபின், இரண்டு வாரம் நோட்டில் குறியுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, அன்று என்ன பாடம், பஸ்ஸில் பக்கத்தில் யார். பெரும்பாலும் பஸ், கழிப்பறை, மலாய் வாசிப்பு என ஓரிடத்தில் காரணம் பிடிபடும். அந்த நோட்டோடு கவுன்சலிங் ஆசிரியரைப் பாருங்கள். வீட்டிலேயே நிறுத்தினால் பயம் கூடும். இரண்டு பாடவேளையாவது அனுப்புங்கள். பகடிவதை என்றால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. சாகணும் என்று பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள். மாத்திரை, களைக்கொல்லியைப் பூட்டிவிட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே (Talian Kasih) எண் 15999, 24 மணி நேரமும் இயங்கும்.