மங்கலான ஹெட்லைட்டுக்குப் பெரிய பல்ப் மருந்தல்ல: பழைய அம்பாசிடரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் தாத்தாவின் மார்க் 2 அம்பாசிடரை டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்துக் கொண்டுவந்தார். கதவு இடுக்குவரை அவ்வளவு சுத்தமான வேலை. "அண்ணா, லைட் மட்டும் மஞ்சளா எரியுது. 100/90 வாட்ஸ் பல்ப் வாங்கிட்டேன், போட்டுடலாமா?" என்றார். (முதல் எண் பிரைட்டுக்கான வாட்ஸ், அடுத்தது டிம்முக்கு.) பல்பை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். இருபது வருடத்துக்கு முன் நானும் இதே பல்போடு நின்றிருக்கிறேன்.

ஹாலோஜன் பல்பை விரலால் தொடக்கூடாது, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றுவது

ஹெட்லைட்டின் கறுப்பு எர்த் வயர் பக்கத்திலேயே ஒரு திருகில் பாடியோடு சேரும். புதுப் பெயிண்ட் அடித்தபின் அந்தத் திருகுக்கு அடியில் பிரைமரும் பெயிண்ட்டும் உட்கார்ந்துவிடும். கரண்ட் திரும்பிப் போக, மரையில் ஒட்டியிருக்கும் துளி இரும்புதான் மிச்சம். கரண்ட் வருகிற பக்கம் பழைய சுவிட்ச், பிரைட்-டிம் மாற்றக் காலால் மிதிக்கும் டிப்பர், துருப்பிடித்த இணைப்புகள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கும். 12 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இழை பல்பின் குணம் அப்படி. பிரைட் போடும்போது டிம் இழையும் லேசாகச் சிவந்தால், இண்டிகேட்டரோடு சேர்ந்து ஹெட்லைட்டும் துடித்தால், முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் சந்தேகப்படவில்லை. 100/90 மாட்டினேன். பழைய 45/40 பல்ப் இரண்டும் சேர்ந்து எட்டு ஆம்பியர்கூட இழுக்காது. இது கிட்டத்தட்ட 17 இழுக்கும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த அந்த வயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் வழி, ராத்திரி, பின் சீட்டில் அம்மா. முதலில் ரப்பர் கருகும் வாசனை. அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழே புகை. இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்தன. ரோட்டோரப் புளியமரங்களைக்கூடப் பார்க்க முடியாத இருட்டில், குத்துமதிப்பாக ஓரம் கட்டினேன். மறுநாள் பிரித்தால், சுவிட்சிலிருந்து டிப்பர்வரை வயர்கள் உருகி ஒரே கட்டியாகக் கிடந்தன. முழு வயரிங் செட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு முழம் கறுப்பு வயரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்திருந்தால் தீர்ந்திருக்கிற விஷயம். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? லைட்டை எரியவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பல்ப் ஹோல்டரின் எர்த் காலிலும் இன்னொன்றைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. தம்பியின் வண்டியில் 1.4 காட்டியது. ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் இழுத்து, சேர்கிற இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, முறுக்கியபின் மேலே வாசலைன் தடவினோம். பல்ப் மாற்றவில்லை. சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதற்குமேல் வெளிச்சம் வேண்டுமென்றால் 60/55 ஹாலோஜனும் இரண்டு ரிலேயும் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போதும். நீலம்-வெள்ளை வயர் பிரைட், நீலம்-சிவப்பு டிம். ரிலேயின் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் எண் இருக்கும். ஆளுக்கொரு ரிலேயின் 86-இல் கொடுத்து, 85-ஐ எர்த் செய்யுங்கள். 30-க்குப் பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ். 87-இலிருந்து பல்புக்கு. பழைய சுவிட்ச் இனி ரிலேயை இழுக்கிற துளி கரண்ட்டை மட்டும்தான் தாங்கும். பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் மாட்டியிருக்கிற வண்டி என்றால், டையோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) வைத்த ரிலேயில் 85, 86 இரண்டையும் மாற்றிக் கொடுங்கள்: 86 எர்த்துக்கு, 85 வயருக்கு.

ஸ்பிரிங் திருகைக் கழற்றுவது

ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் ரிமை எடுத்ததும் தெரிகிற சின்னத் திருகுகள்தான் லைட்டைப் பிடிக்கும் வளையத்துக்கு உரியவை. ஸ்பிரிங்கோடு இருப்பவை ஒளியின் திசைக்கு. அவற்றைத் திருகிவிட்டால் மறுபடி சுவரில் அடித்துப் பார்த்து செட் செய்யும்வரை ராத்திரி வண்டியை எடுக்காதீர்கள்.

ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைப்பது

துடைக்காதீர்கள். பூச்சு துணியோடு வந்துவிடும்.

முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்

நம் வெயிலில் பசை இளகிவிடும். வேண்டாம்.

வெளிநாட்டுக் கண்ணாடி

ஹெட்லைட்டின் பழைய கண்ணாடி உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். அது சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கானது என்றால், டிம் போட்டாலும் ஒளி வலப்பக்கம் மேலேறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ரிமை மாட்டுவதற்கு முன் சுவருக்கு எதிரே டிம் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் உயர்ந்தால் மட்டும் ரிமை மூடுங்கள்.