சத்துமாவு பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’ என்று போட என்னென்ன செய்ய வேண்டும்?

கேழ்வரகு, கம்பு, பயறு எல்லாம் மருந்தடிக்காமல் விளைந்தவையாகவே இருக்கலாம். ஆனாலும் சான்று இல்லாமல் பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’ என்று அச்சடித்துக் கடைக்கு அனுப்ப முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017-இல் கொண்டுவந்த ஆர்கானிக் உணவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

ஒரு விலக்கு உண்டு. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு விவசாயியோ விவசாயிகள் குழுவோ தாங்கள் விளைவித்ததை நுகர்வோருக்கு நேரடியாக விற்றால் சான்று கேட்பதில்லை. ஆனால் ஆர்கானிக் லோகோ போடக் கூடாது. தானியத்தை வெளியே வாங்கி அரைப்பவருக்கும், மளிகைக் கடைக்குச் சரக்கு போடுபவருக்கும் இந்த விலக்கு பொருந்தாது. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு அல்லது உரிமம் தனி விஷயம்; மாவு அரைத்து விற்கிறவர் யாராக இருந்தாலும் அதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

படி 1: எந்தச் சான்று?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பிஜிஎஸ். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்வது. செலவு குறைவு. ரசாயனத்திலிருந்து ஆர்கானிக்குக்கு மாறும் மாற்றக் காலத்தில் ‘பிஜிஎஸ் கிரீன்’, முடிந்ததும் ‘பிஜிஎஸ் ஆர்கானிக்’. உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் செல்லும்.

மற்றொன்று என்பிஓபி எனும் தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம். மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபெடாவின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஆள் அனுப்பி ஆய்வு செய்து சான்று தரும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் இருக்கும் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இதைச் செய்கிறது. தனியார் நிறுவனங்களும் உண்டு. பல ஊர்களில் தானியம் வாங்கிச் சத்துமாவு போடுபவருக்கு என்பிஓபிதான் சரி. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் எந்த நாடு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்பிஓபிக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை அமெரிக்கா 2021-இல் விலக்கிக்கொண்டது. அங்கே அனுப்ப அவர்களுடைய என்ஓபி சான்று வேண்டும்.

படி 2: நிலம்

கேழ்வரகு, கம்பு போன்ற ஒரு பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, தென்னை, முருங்கை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டு மாற்றக் காலம். கடைசியாக உரம் போட்ட நாளிலிருந்து இதைக் கணக்கிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாகச் சான்றளிப்பு நிறுவனத்தில் பதிவு செய்த நாளிலிருந்துதான் கணக்கு. ‘நாலு வருஷமா யூரியாவே போடல’ என்ற வாய்ச்சொல் செல்லாது. எழுத்து ஆதாரம் இருந்தால் காலத்தைக் குறைக்க இடமுண்டு. அதனால் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள்.

விண்ணப்பத்தோடு சிட்டா, வயல் வரைபடம், மண் மற்றும் நீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த் திட்டம் கேட்பார்கள். வரைபடத்தில் பக்கத்து வயல்காரர் என்ன பயிரிடுகிறார், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் குறியுங்கள். அவர் தெளிக்கும் மருந்து காற்றில் வரும் என்றால் இடைவெளியோ உயிர்வேலியோ விடச் சொல்வார்கள்.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான்: பூஞ்சைக்கொல்லி பூசிய சிவப்பு விதை, வாடகைக்கு எடுத்த தெளிப்பான், அறுவடையான கேழ்வரகைக் கொட்டி வைத்த பழைய யூரியா சாக்கு. ஆய்வாளர் களத்துமேட்டில் முதலில் புரட்டிப் பார்ப்பது சாக்கைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இயற்கைப் பூச்சிவிரட்டி’ என்று பாட்டிலில் வாங்கினால் லேபிளைச் சான்றளிப்பு நிறுவனத்திடம் காட்டி அனுமதி வாங்கிய பிறகே அடியுங்கள், பில்லையும் வைத்திருங்கள்.

படி 3: கலவையின் சதவீதம்

தண்ணீரையும் உப்பையும் கழித்துவிட்டு மீதி எடையில் 95 சதவீதமாவது சான்று பெற்றதாக இருந்தால்தான் பெயரிலேயே ‘ஆர்கானிக்’ போடலாம். 70 முதல் 95-க்குள் என்றால் ‘ஆர்கானிக் பொருட்களால் செய்தது’ என்று விகிதத்தோடு சொல்லலாம். 70-க்குக் கீழே என்றால் சேர்மானப் பட்டியலில் அந்தந்தப் பொருளுக்கு நேரே மட்டும்.

10 கிலோ சத்துமாவுக்குப் பாருங்கள்: கேழ்வரகு 5 கிலோ, கம்பு 2, பாசிப்பயறு 1.5, பொட்டுக்கடலை 1, முந்திரி 400 கிராம், ஏலக்காய் 100 கிராம். முந்திரிக்கும் ஏலக்காய்க்கும் மட்டும் சான்று இல்லை என்றால் சரியாக 95. மயிரிழையில் தப்பித்தீர்கள். பொட்டுக்கடலையைச் சாதாரணக் கடையில் வாங்கினால் 85-க்கு இறங்கி, பெயரிலிருந்து ‘ஆர்கானிக்’ போய்விடும். கேழ்வரகு போதவில்லை என்று சான்று பெற்றதையும் பெறாததையும் ஒரே கலவையில் சேர்ப்பதற்கும் அனுமதி கிடையாது.

படி 4: மில்லும் கிடங்கும்

விவசாயியின் சான்று மாவுக்குத் தானாக வந்துவிடாது. பதப்படுத்துபவருக்குத் தனி ஸ்கோப் சர்டிபிகேட், அதாவது எந்தப் பொருளுக்கும் வேலைக்கும் சான்று செல்லும் என்று காட்டும் சான்றிதழ், வேண்டும். வெளி மில்லில் அரைத்தால் அந்த மில்லும் ஆய்வுக்கு உட்படும். பொது மில் என்றால் ஆர்கானிக் அரைப்பைக் காலையில் முதல் வேலையாக வைத்து, இயந்திரத்தைச் சுத்தம் செய்து, கொஞ்சம் ஆர்கானிக் தானியத்தை ஓடவிட்டு, அந்த மாவைச் சாதாரண மாவோடு ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு ஓடவிட வேண்டும் என்பது மில்லைப் பொறுத்தது. ஒரு அளவை முடிவு செய்து எழுதி வையுங்கள்.

கிடங்கில் வண்டுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கவே கூடாது. நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத டிரம்மில் அடைப்பதே பாதுகாப்பு.

படி 5: கணக்கு

சான்று பறிபோவதற்கு வயலைவிடக் கணக்குப் புத்தகமே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. தானியம் வாங்கும்போது விவசாயியின் ஸ்கோப் சர்டிபிகேட் நகலோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட சரக்குக்கான பரிவர்த்தனைச் சான்றும் வேண்டும். பேச்சு வழக்கில் ‘டிசி’ என்பார்கள். என்பிஓபியில் இது அபெடாவின் டிரேஸ்நெட் இணையதளத்தின் வழியாக வரும்.

100 கிலோ வாங்கி, சுத்தம் செய்து, வறுத்து, அரைத்து 92 கிலோ என்று எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 104 கிலோவுக்கு விற்பனை பில் இருந்தால் அந்த 4 கிலோவுக்கு பதில் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர் அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, பேட்ச் எண்ணை வைத்து அரைத்த தேதி, டிரம், டிசி, விவசாயி என்று பின்னோக்கிக் கேட்பார். வாரம் ஒருமுறை நீங்களே இப்படி ஒரு பாக்கெட்டை எடுத்துத் தேடிப் பாருங்கள்.

படி 6: லேபிளில் மற்ற வாசகங்கள்

ஆர்கானிக் சான்று இருக்கிறது என்பதற்காக வேறு எதையும் சேர்த்து எழுதிவிட முடியாது. 2018-இன் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிகள் தனியாக இருக்கின்றன.

‘நார்ச்சத்து உள்ளது’ என்று போட 100 கிராமுக்கு 3 கிராம், ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்றால் 6 கிராம் இருக்க வேண்டும். என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ கலந்துவிட்டு ‘சர்க்கரை சேர்க்காதது’ என்பது தவறு, இரண்டும் சர்க்கரைதான். ‘குளூட்டன் இல்லாதது’ என்றால் கோதுமையில் இருக்கும் அந்தப் புரதம் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கோதுமை அரைக்கும் மில்லில் இதைக் காப்பாற்றுவது கடினம், ஆசைப்படாதீர்கள். ‘ஹோம்மேட்’, ‘டாக்டர்கள் பரிந்துரைப்பது’, ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ மூன்றும் கூடாது. முந்திரி இருப்பதை ஒவ்வாமைக் குறிப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

லோகோவை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். வடிவம் மாறுவதுண்டு, சான்றளிப்பு நிறுவனத்திடமே வாங்கி, லேபிள் மாதிரிக்கு எழுத்தில் ஒப்புதல் கிடைத்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். ஆய்வு ஆண்டுதோறும் உண்டு. இடையில் சான்று நின்றால் லோகோ அச்சிட்ட கவர் அத்தனையும் வீண். முதல் ஆண்டில் கவரைப் பொதுவாக அச்சடித்து, லோகோவையும் சான்று எண்ணையும் ஸ்டிக்கராக ஒட்டுவது கைக்கு அடக்கமாக இருக்கும்.